பதினான்காம் எண் பேருந்து வழி தவறிய காலை

ஓட்டுநர் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில், காந்தத்தின் அடியில் ஒரு ரயில் டிக்கெட் இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் போன வாரம் நாம் அந்த வீட்டைவிட்டு வெளியே வந்தோம். அது இன்னும் அங்கேயே இருக்கிறது. பகல் பன்னிரண்டு மணி வண்டி. ஒரே ஆள். போவதற்கு மட்டும்.

நடுவில் வந்து உட்கார்ந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அந்த ஒரே ஆள் ஓட்டுநரின் மகன். பதினேழு வயது, பள்ளியில் கடைசி வருடம். அதே பள்ளியில் படிக்கும் பதினாறு வயதுப் பெண் ஒருத்திக்கு இப்போது ஐந்தாம் மாதம். அந்தக் குழந்தைக்கு அப்பா தான்தான் என்று பத்து நாட்களுக்கு முன் பையன் சாப்பாட்டு மேசையில், ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துக் குவித்தபடி சொன்னான். அன்றைக்கு வாயடைத்துப் போன வீடு இன்னும் முழுதாகத் தேறவில்லை.

பையனை ஒரு வருடம் தன் தம்பி ஊருக்கு அனுப்பிவிடலாம், அங்கேயே படிக்கட்டும், இங்கே எல்லாம் ஆறிப்போகும் என்று ஓட்டுநரின் மனைவி சொன்னாள். ஓட்டுநர் தலையை ஆட்டினார். ஆட்டியது தன் தலைதானா என்று அவருக்கே இன்னும் சந்தேகம்.

டிக்கெட்டில் இருந்த அதே நாள் மாலை நான்கு மணிக்கு அந்தப் பெண்ணுக்கு ஸ்கேன். பையன் கூட வருகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். இரண்டும் ஒரே நாளில் வந்து விழுந்தது தற்செயல் என்றுதான் ஓட்டுநர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

காலையில் மனைவி அவருக்கு முன்பே எழுந்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஆறு சட்டைகள், ஒவ்வொன்றும் இரண்டு முறை. மூக்குக்கண்ணாடிக் கடையில் ஊரார் கண்களை எல்லாம் சோதித்துப் பார்க்கிறவள், அன்று தன் கண்களை யாருக்கும் காட்டாமல் குனிந்தே நின்றாள். நீங்கள் ஷிப்ட் முடிந்து வருவதற்குள் அவன் கிளம்பிவிடுவான், சொல்ல வேண்டியதை இப்போதே சொல்லிவிட்டுப் போங்கள் என்றாள்.

ஓட்டுநர் மகனின் அறைக் கதவருகே போனார். தட்டுவதற்காகத் தூக்கிய கையால் தொப்பியைச் சரிசெய்துகொண்டு திரும்பி வந்துவிட்டார்.

வெளியே நல்ல பனி. தெருவிளக்குகள் கம்பமே இல்லாமல் அந்தரத்தில் நின்றன. கடைகளின் பலகைகள் எழுத்துகளை இழந்திருந்தன. இருபத்திரண்டு வருடமாக ஓட்டிய சாலைதான், ஆனாலும் யாரோ கண்ட கனவுக்குள் வண்டி ஓட்டப் போவதுபோல இருந்தது அவருக்கு.

டிப்போவில் அவருக்குப் பெயர் 'கடிகாரம்'. அவர் வண்டி தாமதமானதே இல்லை, ஒரு நிறுத்தத்தைத் தவறவிட்டதும் இல்லை. அவர் பேருந்து வந்து நிற்பதைப் பார்த்து வீட்டுக் கடிகாரத்தைத் திருத்துகிறவர்கள் உண்டு என்று சக ஓட்டுநர்கள் கேலி செய்வார்கள். அன்றும் வழக்கம்போலக் கைபேசியை டிப்போப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு, நொடி பிசகாமல் வண்டியை எடுத்தார்.

நூலக நிறுத்தத்தில் பள்ளிப் பெண்கள் ஏறினார்கள். முன்வாசலுக்கு அடுத்த இருக்கையில் 'கர்ப்பிணிகளுக்கு' என்று ஓர் ஒட்டுப்படம் உண்டு. அதில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்த ஒருவரை அந்தப் பெண்கள் தோளைத் தொட்டு எழுப்பினார்கள்.

"சார், இது பட்டாணி சீட்டு. கொஞ்சம் எழுந்துக்கறீங்களா?"

பட்டாணி என்பது அவர்கள் வைத்த பட்டப்பெயர். தோழி ஒருத்தி புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு வர, பட்டாணி கையை வீசிக்கொண்டு ராணி மாதிரி ஏறினாள். சீருடையின் இரு பக்கமும் பிரித்து, கொஞ்சம் நிறம் வேறாக இருந்த துணியை வைத்துத் தைத்திருந்தார்கள். மறைக்கிற எண்ணமே இல்லாத தையல். பள்ளியில் அவளுக்குக் கதவோரம் ஒரு நாற்காலி கொடுத்திருக்கிறார்கள், தேர்வைத் தள்ளி எழுதிக்கொள்ளவும் அனுமதித்திருக்கிறார்கள் என்று வீட்டில் பேச்சு வந்திருந்தது.

"குட்மார்னிங் அங்கிள்" என்றாள், தினமும் சொல்வதுபோல.

மூன்று மாதமாக அவள் அவருக்கு நான்கடி தூரத்தில்தான் உட்கார்ந்து வந்திருக்கிறாள். இவள்தான் அவள் என்று, மனைவி காட்டிய புகைப்படத்தைப் பார்த்துப் போன வாரம்தான் அவருக்குத் தெரிந்தது. தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தார். சின்ன முகம். கன்னத்தில் தலையணைத் தடம்கூட இன்னும் மறையவில்லை.

நடுவில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, இதையெல்லாம் பெத்தவங்க எங்கே போய்த் தொலைந்தார்களோ என்று முணுமுணுத்தார். பெத்தவங்க வேலைக்குப் போயிருக்காங்க, நீங்க பேப்பரைப் படிங்க என்று பின்னாலிருந்து ஒரு பெண்மணி பதில் கொடுத்தார். வண்டியில் பாதிப் பேர் சிரித்தார்கள்.

பெத்தவங்களில் ஒருவர் எங்கேயும் தொலையவில்லை. இதே வண்டியில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அவருக்கு ஒரு தங்கை உண்டு. இரண்டு மணி ரயில் தூரத்தில் தனியாக இருக்கிறாள், ஒரு பள்ளியில் கணக்கு சொல்லிக் கொடுக்கிறாள். அவளுக்குப் பேருந்து ஒத்துக்கொள்ளாது, ஏறினால் குமட்டும் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவள் வந்தால் ரயிலில் வருவாள், நிலையத்திலிருந்து வீட்டுக்கு நடந்தே வருவாள். மழையில் நனைந்துகொண்டு வரும்போதெல்லாம் ஓட்டுநரின் மனைவி சிரிப்பாள். அண்ணன் பஸ் ஓட்டறார், தங்கச்சிக்குப் பஸ்ஸே ஆகாது என்று கேலி செய்வாள். தங்கையும் சிரிப்பாள்.

உண்மை வேறு. இருபத்தேழு வருடங்களுக்கு முன் அவளுக்குப் பதினாறு வயது, வயிற்றில் குழந்தை. ஓட்டுநர் அப்போது ஓட்டுநர் இல்லை, இதே தடத்தில் புதிதாகச் சேர்ந்த நடத்துநர். ஒரு நாள் காலை அப்பா அவளைக் கடைசி இருக்கையில் உட்காரவைத்துவிட்டு, நீலக் கதவு போட்ட வீட்டில் இறக்கிவிடு, நீ இறங்காதே, பேசாதே என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். வண்டியில் தெரிந்த முகங்கள் இருந்தன. அண்ணன் தங்கையிடம் போய், முன்பின் தெரியாதவளிடம் கேட்பதுபோல எங்கே போகணும் என்று கேட்டார். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள்.

ஐந்து மாதம் கழித்து அவள் வெறுங்கையோடு திரும்பி வந்தாள். அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அவரும் கேட்கவில்லை. அதன்பின் அவள் பேருந்தில் ஏறியதில்லை.

பனிக்குள் பழைய மணிக்கூண்டு சந்திப்பு வந்தது. பதினான்காம் எண் நேராகப் போக வேண்டும். ஒன்பது வருடமாக நேராகத்தான் போகிறது. அதற்கு முன்பு மட்டும் இடப்பக்கம் திரும்பும். ஓட்டுநரின் கண் பனியில் இருந்தது, மனம் கடைசி இருக்கையில் இருந்தது, கைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. கைகள் பாட்டுக்குப் பழைய தடத்தில் வண்டியைத் திருப்பின.

"டிரைவர், இது எங்க போகுது?" என்று யாரோ கேட்ட பிறகுதான் அவருக்குச் சுய நினைவு வந்தது. அதற்குள் வண்டி சந்தில் முழுவதுமாக நுழைந்திருந்தது. இருபுறமும் சுவர். முன்னே போவதைத் தவிர வழியில்லை. வண்டியைத் திருப்ப இடமிருப்பது ஒரே ஓர் இடத்தில்தான் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

நீலக் கதவு அப்படியே இருந்தது. நிறம் மட்டும் புதிது. அந்த வீடு இருந்த சுவடே இல்லை. முற்றம் முழுக்கப் பழைய கைகழுவும் தொட்டிகளை வரிசை வரிசையாக நிறுத்தி விற்பனைக்கு வைத்திருந்தார்கள். நாற்பது ஐம்பது வெள்ளைத் தொட்டிகள், பனியில் கால் தெரியாமல் மிதந்தன. ஓட்டுநர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பின்னால் ஆள் நிற்காமல் வண்டியைப் பின்னோக்கி எடுக்கக்கூடாது என்பது விதி. உள்ளூர் வண்டிகளில் நடத்துநர்களின் காலம் முடிந்து, டிக்கெட் கொடுக்க இயந்திரம் வந்து எவ்வளவோ நாளாகிறது. யாராவது இறங்கிக் காட்ட முடியுமா என்று கேட்டார். ஆளாளுக்கு அலுவலகத்துக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்கள். பட்டாணிதான் எழுந்தாள். அவள் அப்பா லாரி ஓட்டியவர், அவர் இருந்தவரை பின்னால் நின்று காட்டுவது அவள்தான், தட்டத் தெரியும் என்றாள். நீ வேண்டாம்மா என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் இறங்கிவிட்டாள்.

பக்கத்துக் கண்ணாடியில் பனிக்குள் அவளுடைய ஒரு கை மட்டும் வாங்க வாங்க என்று அழைத்தது. இன்னொரு கை வயிற்றின்மேல் இருந்தது. இரண்டு தட்டு தட்டினால் வரலாம், ஒரு தட்டு என்றால் நிற்க வேண்டும். தன் காலடியில் இருக்கும் பத்து டன் இரும்பு அந்த ஒரு கையின் பேச்சைக் கேட்டு நகர்வதை நினைத்து ஓட்டுநருக்கு முதுகெல்லாம் வேர்த்தது. ஒரு தட்டு விழுந்தது. பிரேக்கை மிதித்தவர், பயணிகளை வைத்துக்கொண்டு இருக்கையை விட்டு இறங்காத தன் வழக்கத்தை மறந்து, குதித்து ஓடினார்.

அவள் நீலக் கதவில் சாய்ந்து நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். ஒன்றும் ஆகவில்லை என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

"அங்கிள், நான் யாருன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்மா."

"உங்க வண்டின்னு தெரிஞ்சுதான் தினமும் இதுல ஏறுவேன். அதுல எனக்கு ஒரு தைரியம்." கதவின் நீலத்தை நகத்தால் சுரண்டினாள். "நாலு மணிக்கு வரேன்னு சொல்லியிருக்கான். ரெண்டு நாளா போன் எடுக்கல. வருவானா?"

ஃப்ரிட்ஜ் கதவும் காந்தமும் அவர் கண்முன் வந்தன.

"வருவான்" என்றார்.

டிப்போவில் 'கடிகாரம்' பதினெட்டு நிமிடம் தாமதம் என்ற செய்தி அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. மேலாளர் அதட்டவில்லை. விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று ஒரு தாளை மட்டும் நீட்டினார். அப்போது மணி பதினொன்று. ஒரு வரி எழுதினால் போதும். பெட்டகத்தைத் திறந்து கைபேசியை எடுத்து, மகனே போகாதே என்று சொல்ல வேண்டிய நேரம் கையில் இருந்தது. ஓட்டுநர் அந்த ஒரு வரியை எழுத ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார். 'பழக்கம்' என்று எழுதி அடித்தார். 'பனி' என்று எழுதி அடித்தார். கடைசியில் 'என் தவறு' என்று எழுதிக் கையெழுத்திட்டு நிமிர்ந்தபோது சுவரில் பன்னிரண்டே கால். ரயில் போயிருக்கும். அப்பாடா என்று உள்ளே ஏதோ ஒன்று மூச்சு விட்டதை அவர் கேட்டார். அந்த மூச்சு அவருக்கே அசிங்கமாக இருந்தது.

வீட்டில் மனைவி சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் மட்டும் இருந்தது.

பையனை அனுப்பியிருக்கக்கூடாது என்று ஓட்டுநர் ஆரம்பித்தார். இதை இப்போது சொல்லி என்ன பிரயோஜனம் என்று அவள் திருப்பிக் கேட்டாள். நியாயமான கேள்விதான். அவர் அன்று காலை நடந்ததைச் சொன்னார். நீலக் கதவு வந்ததும் நிறுத்த முடியாமல் இருபத்தேழு வருடக் கதையையும் சொல்லிவிட்டார். பத்தொன்பது வருடம் கூடவே வாழ்ந்த மனைவியிடம் முதல்முறையாகச் சொன்னார்.



"பஸ் ஒத்துக்காதுன்னு சொன்னீங்களே" என்றாள் மெதுவாக. "நான் எத்தனை தடவை கிண்டல் பண்ணியிருக்கேன்."

பிறகு அவள் இன்னொன்றும் சொன்னாள். தம்பி ஊர் என்ற யோசனை மட்டும்தான் அவளுடையது. இன்றைய தேதிக்கு டிக்கெட் எடுத்தவன் பையன். ஸ்கேன் அன்னைக்கே போயிடறேன்மா, நாலு மணிக்குள்ள போயிடறேன் என்று போன வாரம் அவள் மடியில் தலைவைத்துக் கேட்டிருக்கிறான்.

"அவனைத் துரத்தறது நான்னு நீங்க நினைச்சீங்க. நினைச்சுக்கட்டும்னு விட்டுட்டேன். பையன் கோழைன்னு நீங்க நினைக்கறதுக்கு, நான் கெட்டவள்னு நினைக்கறது பரவாயில்ல."

ஓட்டுநருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வண்டியில் தெரிந்த முகங்கள் இருந்ததற்காகத் தங்கையைத் தெரியாதவளாக்கிய ஒரு நடத்துநரின் மகன் வேறு எப்படி இருப்பான் என்றுதான் தோன்றியது. இதை அவர் யாருக்கும் கற்றுக் கொடுத்ததில்லை. கற்றுக் கொடுக்காமலேயே போய்ச் சேர்ந்திருக்கிறது. முகத்தைக் கழுவிக்கொண்டு, காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் கிளம்பினார்.

மகப்பேறு மருத்துவமனையில் பட்டாணியும் அவள் அம்மாவும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். மாத்திரை எண்ணிப் பழகிய விரல்களால் பையின் பட்டையை இறுக்கிப் பிடித்திருந்தார். பட்டாணி ஓட்டுநருக்குப் பின்னால் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

"வருவான்னு சொன்னீங்களே அங்கிள்."

"பொய் சொல்லிட்டேம்மா. பன்னெண்டு மணி ரயில்ல ஊருக்குப் போயிட்டான். காலைல உன்கிட்ட சொல்லும்போதே அவன் போகப்போறது எனக்குத் தெரியும்."

அவள் அழுதால் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தார். அவள் அழவில்லை. பக்கத்து நாற்காலியில் பையனுக்காகப் போட்டு வைத்திருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்த நாற்காலியில் தன்னை உட்காரச் சொல்லித்தான் அப்படிச் செய்தாள் என்று அவருக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது. உட்கார்ந்தார்.

செவிலி படிவத்தோடு வந்தாள். அம்மாவின் பெயரை எழுதிக்கொண்டாள். பிறகு காக்கிச் சட்டையை ஏற இறங்கப் பார்த்து, பஸ்காரர் இங்கே என்ன செய்கிறார் என்பதுபோல, நீங்கள் யார் என்று கேட்டாள். வரிசையில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். அவர் வண்டியில் ஏறுகிறவர்கள் அதில் இரண்டு பேராவது இருந்தார்கள்.

"பொறக்கப்போற குழந்தைக்குத் தாத்தா" என்றார் ஓட்டுநர். குரல் அவர் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

செவிலி அதற்கெல்லாம் அசரவில்லை. தாத்தா என்று எழுதிக்கொண்டு, போன் நம்பர் கேட்டாள். அவ்வளவுதான் அந்த இடத்தில் அதற்கு மரியாதை. மருந்துக்கடை அம்மா மட்டும் முகத்தைத் திருப்பி அவரை முதல்முறையாக நேராகப் பார்த்தார்.

தாயும் மகளும் உள்ளே போனார்கள். பிரகாசமான தாழ்வாரத்தில் அவர் தனியாக இருந்தார். எங்கோ ஒரு கதவுக்குப் பின்னால் குதிரை ஓடுவதுபோல ஏதோ வேகவேகமாகத் துடித்தது. எந்தக் கதவு என்று தெரியவில்லை. எதுவானாலும் இருக்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

பட்டாணி படத்தோடு வெளியே வந்தபோதுதான் கைபேசி அடித்தது. தங்கை. பின்னணியில் ஒரே இரைச்சல்.

"அண்ணா, உன் பையன் நடுவுலயே இறங்கிட்டான். எங்க ஸ்கூல் வாசல்ல பெட்டியோட நின்னுட்டு இருந்தான். என்ன ஆச்சுன்னு சொல்லிட்டு, அதுக்கப்புறம் வாயே திறக்கல." கொஞ்சம் நிறுத்தினாள். "நான்தான் பேசினேன். நீலக் கதவு வீட்டைப் பத்தி. எல்லாத்தையும்."

ஓட்டுநர் கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"திரும்பிப் போறேங்கறான். ரயில் இனிமே காலைலதானாம். அதான் இதுல ஏறிட்டோம்."

"எதுல?"

அந்த இரைச்சல் என்னவென்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. வாழ்நாளெல்லாம் கேட்ட சத்தம். அதற்குள் ஓர் ஆண் குரல் எங்கே போகணும் என்று கேட்டது. தங்கை தொண்டையைச் செருமுவதும், ஊர்ப் பெயரைச் சொல்வதும் தெளிவாகக் கேட்டன.

"ரெண்டு டிக்கெட் கொடுங்க. இது என் அண்ணன் பையன்" என்றாள்.

விஷயத்தை ஓட்டுநர் தட்டுத் தடுமாறிச் சொன்னார். அந்த வண்டி ஏழு பத்துக்கு வரும் என்றும் சொன்னார். பட்டாணி ஸ்கேன் படத்தை ஒரு முறை பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"வரட்டும்" என்றார் மருந்துக்கடை அம்மா. "ஆனா எங்க வீட்டுக் கதவைத் திறக்கறதா வேண்டாமான்னு என் பொண்ணுதான் முடிவு பண்ணணும். நீங்களோ நானோ இல்ல."

பட்டாணி படத்தைப் புத்தகத்துக்குள் வைத்துப் பையை மூடினாள்.

ஓட்டுநர் மனைவிக்குப் போன் செய்துவிட்டுப் பேருந்து நிலையத்துக்கு நடந்தார். மணி ஐந்துதான் ஆகியிருந்தது. பயணிகள் உட்காரும் மர பெஞ்சில், வாழ்க்கையில் முதல்முறையாக உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் மனைவி வந்தாள். கையில் ஒரு குடை இருந்தது. மழை இல்லையே என்றார் அவர். உங்க தங்கச்சி எத்தனையோ தடவை நனைஞ்சுட்டு வந்திருக்கா என்று சொல்லி, அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வண்டி வர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. இருவரும் சாலையைப் பார்த்தபடி காத்திருந்தார்கள்.